சிறைகளுக்கு மேல் இருந்த தடையைத் திரும்பப் போடுங்கள்: ட்ரோன் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டி.ஜே.ஐ. நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கும், ட்ரோன் செய்து விற்கும் மற்ற எல்லா நிறுவனங்களுக்கும்,

சிறைகளுக்கு மேலே ட்ரோன் பறக்காமல் தடுக்கும் ஏற்பாடு ஒன்று, டி.ஜே.ஐ.யாகிய உங்கள் மென்பொருளிலேயே இருந்தது. அதை நீங்களாகவே கொண்டுவந்தீர்கள், நீங்களாகவே எடுத்தும்விட்டீர்கள். அதைத் திரும்பப் போடச் சொல்லி எழுதுகிறேன். என் தம்பி சில வருடங்கள் சிறையில் இருந்தவன். ட்ரோனில் வரும் பொட்டலம் ஒரு கைதியையும் அவன் குடும்பத்தையும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

2015 நவம்பரில் டி.ஜே.ஐ. ஒரு நல்ல அறிவிப்பு செய்தது. விமான நிலையங்களுக்கு அருகில் மட்டுமல்ல, சிறைகள், மின் நிலையங்கள் போன்ற இடங்களைச் சுற்றியும் ட்ரோன் இயல்பாகவே பறக்க மறுக்கும் என்றது. ஜியோஃபென்சிங் என்று நீங்கள் சொல்லும் அந்த மென்பொருள் வேலி அப்படித்தான் சிறைகள்வரை வந்தது. நியாயமான வேலை உள்ளவருக்கு, சில இடங்களில், அடையாளம் சரிபார்த்த பயனர் கணக்கு வழியாகத் தடையைத் தற்காலிகமாக நீக்கிக்கொள்ளவும் வழி வைத்தீர்கள். எந்தச் சட்டமும் அப்போது உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பொறுப்போடு எடுத்த முடிவு அது.

அப்புறம் 2024-இல் ஐரோப்பாவில் அந்த முறையை மாற்ற ஆரம்பித்தீர்கள். 2025 ஜனவரி 13 அன்று அமெரிக்காவிலும் மாற்றினீர்கள். முன்பு ட்ரோன் கிளம்பவே மறுத்த இடங்களில் இப்போது திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறது. இயக்குபவர் அதைப் படித்துத் தள்ளிவிட்டுப் பறக்கவிடலாம். சட்டத்தை மதிக்கும் பொறுப்பு ட்ரோனை இயக்குபவருடையது, தயாரிப்பாளருடையது அல்ல என்பது நீங்கள் சொன்ன காரணம். விமானத்துறை அதிகாரிகளின் கொள்கையும் அதுதான் என்றீர்கள். அந்த அறிவிப்பு வருவதற்குச் சில நாட்கள் முன்புதான், ஜனவரி 9 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. பொறுப்பை இயக்குபவரிடம் மட்டும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கண்கூடான எடுத்துக்காட்டு வேண்டுமா?

விமானம் ஓட்டுபவர் பயிற்சி எடுக்கிறார், தேர்வு எழுதுகிறார், உரிமம் வாங்குகிறார். அவரிடம் “பொறுப்பு உங்களுடையது” என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் ட்ரோனைப் பணம் இருக்கிற யாரும் வாங்கலாம். வாங்கிய அன்றே பறக்கவிடலாம். சிறைக்குப் பொட்டலம் அனுப்பக் கிளம்புகிறவன் சட்டம் தெரியாமல் வருவதில்லை. தெரிந்துதான் வருகிறான். அவனுக்கு எதற்கு எச்சரிக்கை?

என் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அவன் செய்த குற்றத்தை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. தண்டனை கிடைத்தது, அனுபவித்தான். அவனை அடைத்தது மேல்மாடி அறையில். ஜன்னல் வெளிச்சுவரைப் பார்த்திருந்தது. அந்த ஜன்னல்தான் அவனுக்கு வினையாக வந்தது. போதைப்பொருள் விற்கும் கும்பல் ஒன்று அந்த பிளாக்கில் இருந்தது. பொட்டலத்தை வாங்கித் தர ஏற்ற ஜன்னல் அவனுடையதுதான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவனிடம் சம்மதம் கேட்கவில்லை. முடியாது என்றபோது முதலில் மிரட்டினார்கள். அடுத்து குளியலறையில் வைத்து அடித்தார்கள்.

வேலை இதுதான். துடைப்பக் கம்பின் நுனியில் வளைத்த கம்பியைக் கட்டித் தருவார்கள். குறித்த நேரத்தில் அதை ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீட்ட வேண்டும். ட்ரோனின் விளக்கு தெரியாதபடி கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள். வண்டு போல ஒரு ரீங்காரம் மட்டும் கேட்கும். அதிலிருந்து தூண்டில் நரம்பு ஒன்று தொங்கும், நுனியில் பொட்டலம். கம்பியால் நரம்பைக் கொக்கி போட்டு இழுத்து, பொட்டலத்தை உள்ளே எடுத்து, நரம்பை அறுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. கீழே காவலுக்கு நின்ற ஒருவர் பின்னாளில் என்னிடமே சொன்னார்: “சத்தம் கேக்கும்மா. ஆனா மேல பாத்தா இருட்டுதான் தெரியும். நாங்க ஓடிப் போறதுக்குள்ள அது போயிடும்.”

ஒரு நாள் சோதனையில் அவன் அறையில் பொட்டலம் பிடிபட்டது. யாருடையது என்று சொன்னால் கும்பல் விடாது. சொல்லாவிட்டால் நிர்வாகம் விடாது. அவன் சொல்லவில்லை. தனி அறையில் போட்டார்கள். நன்னடத்தைக்காகக் கிடைக்க வேண்டிய தண்டனைக் குறைப்பு போயிற்று. அவனைப் பார்க்கப் போகும் அனுமதியும் சில மாதங்களுக்கு ரத்தானது. இத்தோடு முடியவில்லை. பிடிபட்ட சரக்கின் விலையை அவன் பெயரில் கடனாக எழுதினார்கள். வட்டி வேறு. ஒரு நாள் இரவு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “அக்கா, நான் சொல்ற கணக்குல கொஞ்சம் பணம் போடு. எதுக்குன்னு மட்டும் கேக்காதே” என்றான். சிறைக்குள்ளிருந்து அவன் பேசிய அந்தக் கைப்பேசியும் ட்ரோனில் வந்ததுதான். யாரென்றே தெரியாத ஒருவரின் கணக்குக்கு, வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை அனுப்பினேன். அதற்கப்புறமும் அழைப்புகள் வந்தன. ஒவ்வொரு முறையும் அவன் குரல் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது.

சிறைக்கு ட்ரோனில் சரக்கு அனுப்புவதைக் கைதிகளும் வெளியே இருப்பவர்களும் சேர்ந்து செய்யும் சாமர்த்தியமாகப் பலர் பேசுகிறார்கள். செய்திகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள், கொஞ்சம் வியப்போடு. உள்ளே அதைக் கையில் வாங்குபவன் பெரும்பாலும் அங்கே இருப்பவர்களிலேயே பலவீனமானவன். சம்பாதிப்பவன் வேறு ஆள். பிடிபடுபவன், அடிபடுபவன், கடன்காரன் ஆகிறவன் இவன்.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நடந்தது இல்லை. ட்ரோன் தென்பட்ட அன்றைக்கு எல்லாக் கைதிகளையும் அறையில் அடைத்துவிடுவார்கள். மைதானத்தில் நடக்கக் கிடைக்கும் நேரம் போய்விடும். பார்க்க வந்தவர்கள் வாசலிலிருந்தே திரும்ப வேண்டியதுதான். கைக்குழந்தையோடு தொலைவிலிருந்து வந்த ஒரு பெண், “இன்னிக்கு யாரையும் விடமாட்டாங்களாம்” என்று தெரிந்ததும் சுவரோரம் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அவள் கணவனுக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உலகம் முழுக்க இதன் விளைவுகள் பதிவாகியிருக்கின்றன. 2015 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மேன்ஸ்ஃபீல்டு சிறையின் மைதானத்தில் ஒரு ட்ரோன் பொட்டலம் போட்டது. உள்ளே 144.5 கிராம் புகையிலை, 65.4 கிராம் கஞ்சா, 6.6 கிராம் ஹெராயின். கையளவு சரக்குதான். அதற்காகச் சுமார் 75 கைதிகள் அடித்துக்கொண்டார்கள். 2021 செப்டம்பரில் இத்தாலியின் ஃப்ரோசினோனே சிறைக்கு ட்ரோனில் கைத்துப்பாக்கியே வந்தது. அதை வாங்கிய கைதி மற்ற கைதிகளின் அறைகளை நோக்கிச் சுட்டார். யாருக்கும் காயமில்லை என்பது அதிர்ஷ்டம். அதே மாதத்தில் ஈக்வடாரின் குவயாகில் நகரச் சிறை வளாகத்தின்மீது ட்ரோன்களிலிருந்து வெடிபொருள் வீசினார்கள். புகையிலையில் தொடங்கியது ஆறே வருடத்தில் வெடிபொருள்வரை வந்துவிட்டது.

சட்டம் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 ஜனவரி 25 முதல் மூடிய சிறைகளை, அதாவது கைதிகளை மதிலுக்குள் அடைத்தே வைக்கும் சிறைகளைச் சுற்றி 400 மீட்டருக்குள் ட்ரோன் பறக்கத் தடை. மீறினால் 2,500 பவுண்டு வரை அபராதம். கடத்தினால் 10 ஆண்டு வரை சிறை. நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் 2025 மார்ச்சோடு முடிந்த ஓராண்டில் அங்கே பதிவான ட்ரோன் சம்பவங்கள் 1,712. முந்தைய ஆண்டைவிட 43 விழுக்காடு அதிகம். இந்த உயர்வு முழுவதையும் உங்கள் கணக்கில் எழுத நான் வரவில்லை. கடத்தல் கும்பல் வளர்ந்ததும் சிறைகளில் ஆள் பற்றாக்குறையும் அதில் சேரும். காகிதத்தில் வரைந்த வட்டத்தால் மட்டும் ட்ரோன் நிற்காது என்பதற்கு மட்டும் அந்த எண் சாட்சி.

அங்கே மான்செஸ்டர், லாங் லார்ட்டின் ஆகிய இரண்டு உயர்பாதுகாப்புச் சிறைகளைப் பற்றிச் சிறை ஆய்வுத் தலைவர் சார்லி டெய்லர் 2025 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். மான்செஸ்டரில் கைதிகள் கெண்டியின் சூடேற்றும் கம்பியைக் கொண்டு ஜன்னல் கண்ணாடியை உருக்கி ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பொட்டலம் வாங்கினார்கள். பாதுகாப்புக்காகக் கட்டிய வலைகள் பழுதாகிக் கிடந்தன, கண்காணிப்புக் கேமராக்களும் பழுதாகியிருந்தன. அந்தச் சிறைகளுக்கு மேலிருக்கும் வானத்தையே குற்றக் கும்பல்களிடம் விட்டுக்கொடுத்தாற்போல் ஆகிவிட்டது என்ற பொருளில் அவர் எச்சரித்தார். இதைப் படித்தபோது எனக்குத் துடைப்பக் கம்பும் வளைத்த கம்பியும்தான் நினைவுக்கு வந்தன. ஊர் எதுவானாலும் ஜன்னல் ஒன்றுதான்.

அப்படியானால் சிறை நிர்வாகம்தானே வலையைத் தைக்க வேண்டும், ஜன்னலை மாற்ற வேண்டும்? ஆமாம், செய்ய வேண்டும். அவர்களுக்கும் இப்படி எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் பழைய கட்டடங்களில் நூற்றுக்கணக்கான ஜன்னல்களை மாற்ற வருடக்கணக்கில் ஆகும். ரேடியோ அலைகளை முடக்கும் ஜாமர் வைக்கலாமே என்பார்கள். பல நாடுகளில் அதற்குச் சட்டமே இடம் தருவதில்லை. இடம் தந்தாலும் பக்கத்துக் குடியிருப்பின் தொலைபேசியும் அவசர உதவி அழைப்பும் பாதிக்கப்படலாம். பறந்துகொண்டிருக்கும் ட்ரோனைச் சுட்டு வீழ்த்தினால் அது யார் தலையில் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. சேனல் தீவுகளில் உள்ள குவெர்ன்சி சிறை 2017-இலேயே சுவரைச் சுற்றிக் கருவிகள் பொருத்தி, வரும் ட்ரோனைத் திருப்பி அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. சின்னத் தீவின் ஒரே சிறைக்கு அது சரி. எத்தனை நாடுகளால் எல்லாச் சிறைகளுக்கும் அப்படிச் செலவு செய்ய முடியும்?

உங்களால் செய்ய முடிந்ததோ மிக எளிது. சிறை நகராது. காட்டுத்தீயைச் சுற்றிய தடை அடிக்கடி மாறும். திருவிழாவுக்கும் தலைவர் வருகைக்கும் போடும் தடை நாளுக்கு நாள் மாறும். சிறை எங்கே இருக்கிறது என்பது பல பத்தாண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வரைபடத்தில் ஒரு முறை குறித்தால் போதும். அப்படி மாறிக்கொண்டே இருக்கும் தடைகளைப் பராமரிப்பதில் வரும் சிக்கல்கள் எதுவும் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. அதனால்தான் எல்லாத் தடைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்தது தவறு என்கிறேன்.

நீங்கள் சொல்லும் மறுப்புகளைப் படித்திருக்கிறேன். அவற்றில் நியாயமானவையும் உண்டு. பழைய முறையில் தீயணைப்புக் குழுவும் மீட்புக் குழுவும் அவசரத்தில் தடை நீங்கக் காத்திருக்க நேர்ந்தது என்பது உண்மையான குறை. அவர்களுக்கு முன்கூட்டியே சரிபார்த்த கணக்கு கொடுத்து அதைச் சரிசெய்யலாம். சிறைக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர், நிலம் அளப்பவர், கூரை வேலை செய்பவர் ஆகியோருக்கும் தொல்லைதான். அவர்களுக்கு விரைவாக அனுமதி கொடுக்கும் வழி வேண்டும். இவை தடையை மேம்படுத்தச் சொல்லும் காரணங்கள், எடுத்துவிடச் சொல்லும் காரணங்கள் அல்ல.

மென்பொருளை உடைக்கத் தெரிந்தவன் உடைத்துவிடுவான், தானே உதிரிபாகம் வாங்கி ட்ரோன் கட்டுபவனும் இருக்கிறான் என்பது இன்னொரு மறுப்பு. இருக்கிறான். அவனுக்கு அறிவு வேண்டும், நேரம் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கும்பலில் சிலர்தான். கடையில் வாங்கிய ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று பேசி அனுப்பப்படும் பையன்கள் ஏராளம். அவர்கள் வயதில் சிறியவர்கள், பிடிபட்டால் அவர்களும் உள்ளே போவார்கள். ட்ரோன் கிளம்பாது என்றால் அந்தப் பையன்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள் என்று நம்புகிறேன்.

ட்ரோன் பறக்கும்போது தன் அடையாளத்தை ரேடியோ அலையில் அனுப்பும் ரிமோட் ஐ.டி. வந்துவிட்டதே, அமெரிக்காவில் 2024 மார்ச் 16 முதல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறார்களே என்றும் சொல்கிறீர்கள். அது நடந்த பிறகு ஆளைத் தேட உதவும். பொட்டலம் ஜன்னலுக்குள் போன பிறகு தேடிக் கண்டுபிடிப்பது என் தம்பி போன்றவர்களுக்கு உதவாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறைக்கு மேலே யாரும் எதையும் பார்க்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. மூடிய இடங்களில் அநியாயம் நடக்கும், அதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள்தான் பல நேரம் உலகுக்குச் சொல்கிறார்கள். கைதியின் குடும்பமாக இருந்து பார்த்தவளுக்கு அது நன்றாகவே தெரியும். சிறைக்குள் கலவரம், தீ, வெள்ளம் என்றால் செய்தியாளர் படம் எடுக்க முடிய வேண்டும். அந்த அனுமதியைச் சிறை நிர்வாகத்தின் கையில் மட்டும் கொடுத்தால் அது ஒருபோதும் கிடைக்காது. கைதிகள் மைதானத்தில் இருக்கும்போது அவர்கள் முகத்தைப் படம் பிடித்து வேடிக்கைக்காக வெளியிடுபவர்களிடமிருந்தும் அவர்களைக் காக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு விதி எழுதுவது முடியாத காரியமல்ல.

விதி எழுதுபவர்களும் இதைப் படிக்கட்டும். தானாக முன்வந்து போட்ட தடையை நிறுவனம் தானாகவே எடுத்துவிடலாம் என்பதைப் பார்த்துவிட்டோம். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில், ஜியோஃபென்சிங் போன்ற பாதுகாப்பு அம்சங்களைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தன்னிடம் வைத்திருக்கிறது. இணங்க நிறுவனங்களுக்கு ஆறு மாதமாவது தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அதிகாரம் எழுத்தில் இருந்தால் போதாது, சிறைகள் விஷயத்திலாவது அதைப் பயன்படுத்துங்கள். மற்ற நாடுகளில் அப்படி ஒரு அதிகாரம் இல்லையென்றால் உருவாக்குங்கள்.

இனி நான் கேட்பவை. முதலாவது, மூடிய சிறைகளையும் சிறார் சிறைகளையும் சுற்றி, அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் தொலைவுக்கு, சட்டம் எதுவும் சொல்லாத நாட்டில் 400 மீட்டருக்கு, ட்ரோன் கிளம்பவும் நுழையவும் மறுக்கும் தடையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எச்சரிக்கையாக வேண்டாம், தடையாக வேண்டும். இனி விற்பவற்றில் மட்டும் போடாமல், ஏற்கெனவே விற்றவற்றுக்கும் மென்பொருள் புதுப்பிப்பில் அனுப்புங்கள். 250 கிராமுக்குக் குறைந்த சின்ன ட்ரோன்களை இதிலிருந்து விலக்காதீர்கள். ஒரு சிம் கார்டும் கொஞ்சம் தூளும் அனுப்ப அதுவே போதும்.

அடுத்து, அனுமதி கேட்பவர்களுக்கு மனிதர்கள் பதில் சொல்லும் ஒரு வழியை ஏற்படுத்துங்கள். மீட்புக் குழுக்களுக்கு முன்கூட்டியே, பக்கத்தில் வசிப்பவர்களுக்கு ஓரிரு நாளில், செய்தியாளர்களுக்குச் சிறை நிர்வாகம் அல்லாத ஒரு பொது அமைப்பின் வழியாக. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

நீதிமன்ற உத்தரவோடு வரும்போது, சிறைக்கு அருகே பறந்த ட்ரோனின் பதிவுகளைத் தாமதமின்றிக் கொடுங்கள். உத்தரவு இல்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தப் பதிவுகள் கூலிக்குப் பறக்கவிட்ட பையனோடு நின்றுவிடாமல், அவனுக்குக் காசு கொடுத்தவன்வரை போக உதவட்டும்.

தடையை எடுக்கும் முடிவுக்கு முன்னால் சிறைக்காவலர்களின் சங்கங்கள், கைதிகளின் குடும்பங்கள், விடுதலையானவர்கள் என யாரையாவது கேட்டீர்களா என்பதைப் பொதுவில் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் இப்போது கேளுங்கள். கூப்பிட்டால் நான் வருவேன், என் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். தடை திரும்ப வருமா வராதா, வருமென்றால் எந்தத் தேதியிலிருந்து என்பதை, அதை எடுத்தபோது அறிவித்தது போலவே எல்லாரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சிறையிலிருந்து திரும்பிய ஒருவனின் அக்கா